ஃபைட்டர் மீனுக்கு எவ்வளவு சாப்பாடு போடணும்? அதிக தீனி அதன் வயிற்றையும் தொட்டியையும் என்ன செய்கிறது?

வேலை பார்க்கும் மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன கண்ணாடித் தொட்டி. அதில் நீலமோ சிவப்போ, வால் விரித்துத் திரியும் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். வாடகை வீட்டில் நாயோ பூனையோ வளர்க்க முடியாத பலருக்கும் முதல் செல்லப்பிராணி இதுதான். இடம் குறைவு, செலவு குறைவு, சத்தம் கிடையாது. ஹவுஸ் ஓனரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கடைகளில் 'பெட்டா' என்றும் 'ஃபைட்டர்' என்றும் சொல்லப்படும் இந்த மீன், சரியாகப் பார்த்துக்கொண்டால் சுமார் மூன்று ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழும். ஆனால் பல வீடுகளில் சில மாதங்களிலேயே வயிறு வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து, இறந்துபோகிறது. 'ஏதோ நோய் வந்துடுச்சு' என்று நினைத்து மருந்து வாங்க ஓடுகிறோம். பல நேரங்களில் பிரச்சனை தொடங்குவது தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தீனி டப்பாவில்தான்.

எவ்வளவு போட்டால் போதும், அதிகமானால் உள்ளே என்ன நடக்கிறது, வயிறு வீங்கினால் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

இது எந்த ஊர் மீன்?

பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. வயல்கள், வாய்க்கால்கள், செடி அடர்ந்த சதுப்பு நீர்நிலைகள்தான் அதன் இயல்பான வாழிடம். தாய் மொழியில் 'பிளாகாட்' என்பார்கள். 'கடிக்கும் மீன்' என்று அர்த்தம். 2019-ல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

இந்தியாவில் விற்கப்படும் ஃபைட்டர்கள் பண்ணையில் வளர்க்கப்பட்டவை. சென்னை கொளத்தூர், கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் வரிசையாக அடுக்கிய குடுவைகளில் இவற்றைப் பார்க்கலாம். நிறமும் வாலும் மனிதர் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. ஆனால் உள்ளே இருக்கும் குடல் இன்னும் அந்த வயல்வாய்க்கால் மீனுடையதுதான்.

அங்கே அதற்குக் கிடைப்பது கொசுப்புழு, நீரில் விழும் சின்னப் பூச்சிகள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் நுண்ணிய நீர்வாழ் உயிரினங்கள். அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீரின் மேற்பரப்பில் இருக்கும் இரையைப் பிடிப்பதற்கான வசதி அது. அதாவது இது மாமிச உண்ணி. நாளெல்லாம் இலைதழை மேயும் மீன்களுக்கு இருப்பதுபோல நீளமான குடல் இதற்குக் கிடையாது. புரதம் மிகுந்த சின்னச் சின்ன இரையை, கொஞ்சம் கொஞ்சமாக, கிடைக்கும்போது சாப்பிட்டு வாழப் பழகிய உடல்.

எப்பப் பார்த்தாலும் பசிக்கிற மாதிரி ஏன் வருது?

நீங்கள் தொட்டிப் பக்கம் போனதும் ஓடி வருகிறது. கண்ணாடியில் முட்டுகிறது. உடலை ஆட்டி ஆட்டி மேலே வருகிறது. 'பாவம், பசிக்குது போல' என்று இன்னும் நாலு பெல்லட் போடத் தோன்றும்.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இயற்கையில் அடுத்த வேளை இரை எப்போது கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. அதனால் கிடைக்கும்போது விழுங்கிவிடுவதே பிழைக்கும் வழி. வயிறு நிறைந்த பிறகும் முன்னால் விழும் இரையை அது பெரும்பாலும் விடாது. இரண்டு, மீன்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இந்த உருவம் வந்தால் மேலேயிருந்து சாப்பாடு விழும் என்பதைச் சில நாட்களிலேயே தெரிந்துகொள்ளும். அது ஓடி வருவதற்கு அர்த்தம் 'எனக்குப் பசிக்கிறது' என்பதைவிட 'நீ வந்தால் சாப்பாடு வரும்' என்பதுதான்.

எனவே மீன் கேட்கிறதா என்பதை வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது. அது எப்போதும் கேட்கும். அளவை நாம்தான் முடிவு செய்யணும்.

அதிகமா போட்டா வயித்துக்குள்ள என்ன ஆகும்?

வளர்ந்த ஃபைட்டர் மீனின் எடையே சில கிராம்தான். அதன் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். இது துல்லியமான உடற்கூறியல் அளவு கிடையாது. ஆனால் மனதில் வைத்துக்கொள்ள நல்ல கணக்கு.

அளவுக்கு மீறித் தீனி உள்ளே போனால், முந்தைய வேளை செரிப்பதற்குள் அடுத்தது வந்து சேர்கிறது. குடல் அடைத்துக்கொள்கிறது. கழிவு வெளியேறாமல் தங்குகிறது. இதுதான் மீனுக்கு வரும் மலச்சிக்கல். வயிறு உப்பும், நீந்துவது மந்தமாகும், தீனியை வாயில் எடுத்துத் துப்பும்.

அடுத்த கட்டம்தான் பலரையும் பயமுறுத்துகிறது. மீனின் உடலுக்குள் காற்றுப்பை என்று ஓர் உறுப்பு உண்டு. மூழ்காமலும் மிதக்காமலும் நடுநீரில் நிற்க உதவுவது அதுதான். உப்பிய குடல் அதை அழுத்தும்போது மீன் சமநிலை இழக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலேயே மிதக்கும், அல்லது அடியில் கிடந்து மேலே வரத் திணறும். ஃபைட்டர் மீன் மூச்சுக்காக அடிக்கடி மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும் என்பதால், மேலே வர முடியாமல் போவது அதற்கு நேரடி ஆபத்து.

மாதக்கணக்கில் அதிகத் தீனி தொடர்ந்தால், மனிதர்களைப் போலவே மீனுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும். வெளியே பார்க்க 'நல்லா கொழுகொழுன்னு' இருக்கும் மீன், உள்ளே ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

வயிறு மட்டுமல்ல, தண்ணீரும் கெடும்

தின்னாமல் விட்ட தீனி அடியில் கிடந்து அழுகி அம்மோனியாவாக மாறும் என்பது பலருக்குத் தெரியும். தின்ற தீனியும் அம்மோனியாவாகத்தான் வெளியே வரும் என்பது அவ்வளவாகத் தெரியாது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாக நீரிலேயே வெளியேற்றுகின்றன. ஆக, 'போட்டதெல்லாம் காலி பண்ணிடுச்சு, ஒண்ணும் மிச்சமில்லை' என்றாலும் கூடுதல் தீனி என்றால் கூடுதல் அம்மோனியாதான்.

ஃபில்டர் உள்ள, பழகிய தொட்டியில் நல்ல பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நச்சுத்தன்மை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். ஃபில்டரே இல்லாத சின்னக் குடுவையில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்கள் மிகக் குறைவு. இரண்டு லிட்டர் தண்ணீரில் கூடுதல் தீனி செய்யும் கேட்டை இருபது லிட்டர் தண்ணீரோடு ஒப்பிடவே முடியாது.

இங்கே ஃபைட்டர் மீனின் ஒரு திறமையே நம்மை ஏமாற்றுகிறது. அதன் தலைப்பகுதியில் லாபிரிந்த் என்ற தனி உறுப்பு உண்டு. அதை வைத்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். அதனால் மற்ற மீன்கள் திணறும் நீரிலும் இது உயிரோடு இருக்கும். 'குடுவையிலேயே நல்லாத்தானே இருக்கு' என்ற நம்பிக்கை இப்படித்தான் வந்தது. காற்றைச் சுவாசித்தாலும் செவுள்கள் அதே நீரில்தான் இருக்கின்றன. அம்மோனியா அவற்றை அரிக்கும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் கூடும்.

சரி, எவ்வளவு போடணும்? எத்தனை தடவை?

வளர்ந்த மீனுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 சின்ன பெல்லட், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. பெல்லட்டின் அளவு பிராண்டுக்கு பிராண்ட் மாறும். பெரிய பெல்லட் என்றால் எண்ணிக்கையைக் குறைங்க. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, மாலை வீடு திரும்பியதும் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் போதும்.

சரியான அளவுதானா என்று கண்டுபிடிக்க மீனின் வயிற்றைப் பாருங்க. சாப்பிட்டதும் வயிறு லேசாக உருண்டு தெரியலாம். மறுநாள் காலை அது பழைய வடிவத்துக்கு வந்திருக்கணும். வராவிட்டால் அன்று காலை தீனி வேண்டாம்.

இந்தப் பழக்கங்கள் உதவும்:

- பாக்கெட்டிலிருந்து நேராகத் தொட்டியில் கொட்டாதீங்க. பாட்டில் மூடியில் எண்ணி எடுத்துப் பிறகு போடுங்க. கை தவறி விழும் தீனியே பல வேளைச் சாப்பாடாக இருக்கும்.
- ஒவ்வொன்றாகப் போடுங்க. முதல் பெல்லட்டை விழுங்கிய பிறகு அடுத்தது.
- சில நிமிடங்களில் தின்னாமல் மிஞ்சியதை டிராப்பராலோ சின்ன வலையாலோ எடுத்துடுங்க.
- வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மட்டும் தீனி போடுங்க. 'நீ போட்டியா, நான் போட்டேனா' என்ற குழப்பத்தில் மீனுக்கு நாலு வேளை ஆகிவிடும்.
- வாரத்தில் ஒரு நாள் விரதம் விடுவது பல வளர்ப்பாளர்களின் வழக்கம். ஆரோக்கியமான வளர்ந்த மீனுக்கு அதனால் தீங்கில்லை. குடலுக்கு ஓய்வு கிடைக்கும். குஞ்சுகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு ஒரு நாளைக்குப் பலமுறை தீனி தேவை.

இன்னொரு எளிய சோதனை. 20 கிராம் தீனி பாக்கெட் ஒரே ஒரு ஃபைட்டர் மீனுக்கு மாதக்கணக்கில் வரணும். ஒரே மாதத்தில் தீர்ந்துபோனால், ஒரு நாளைக்கு சுமார் 0.65 கிராம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சில கிராம் எடையுள்ள உயிருக்கு அது மிகமிக அதிகம்.

எந்த தீனி நல்லது?

தினசரி உணவுக்கு ஃபைட்டர் மீனுக்கென்றே விற்கும் பெல்லட் போதும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்க. பொருட்கள் பட்டியலில் முதலில் மீன் தூள், இறால், பூச்சிப் புழு போன்றவை இருந்தால் நல்லது. கோதுமை, சோயாவே முதலிடத்தில் இருந்தால் வேறு பார்க்கலாம். பெரிய பாக்கெட் லாபம் என்று வாங்க வேண்டாம். திறந்த பிறகு மாதங்கள் போகப்போக சத்து குறையும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

உலர்த்திப் பதப்படுத்திய புழுக்களைக் கொடுப்பதென்றால் முதலில் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்க. சிவப்பு நிற பிளட்வார்ம் மீனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது விருந்து போல. வாரத்தில் ஓரிரு முறை போதும். டாஃப்னியா, மொய்னா, ஆர்ட்டீமியா போன்ற நுண்ணிய உயிரினங்கள் நல்ல தேர்வு. குறிப்பாக டாஃப்னியாவின் மேல்தோடு செரிக்காமல் நார்ச்சத்து போலக் குடலைச் சுத்தம் செய்யும்.

கடைகளில் உயிரோடு கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள் சாக்கடை, கழிவுநீர் ஓடும் இடங்களில் வளர்பவை. கிருமிகளையும் கூடவே கொண்டுவரலாம். கொசுப்புழு இயற்கை உணவுதான். அதற்காக பால்கனியில் வாளி வைத்து வளர்க்காதீங்க. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது அப்படிப்பட்ட தேங்கிய நீரில்தான். வீட்டில் கொசு உற்பத்தி இருந்தால் பல மாநகராட்சிகள் அபராதமும் விதிக்கின்றன.

சாதம், பொரி, பிரட், பிஸ்கட்? வேண்டாம். மாவுச்சத்தைச் செரிக்கும் உடல் அதற்கு இல்லை. நீரில் ஊறி தொட்டியைத்தான் கெடுக்கும்.

ஏசி அறைக்கும் செரிமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

மீனின் உடல் வெப்பம் அது இருக்கும் நீரின் வெப்பம்தான். நீர் குளிர்ந்தால் செரிமானமும் மெதுவாகும். ஃபைட்டருக்கு ஏற்றது சுமார் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ்.

சென்னையில் வெளியே 35 டிகிரி இருக்கலாம். ஆனால் இரவு முழுக்க ஏசி 22-ல் ஓடும் படுக்கையறையில் ஐந்து லிட்டர் தொட்டியின் நீர் அதே அளவுக்கு இறங்கிவிடும். பெங்களூருவின் டிசம்பர் இரவுகளிலும் டெல்லியின் குளிர்காலத்திலும் நிலைமை இன்னும் மோசம். கோடையில் சரியாக இருந்த அதே நாலு பெல்லட், ஜனவரியில் அதிகத் தீனி ஆகிவிடுவது இப்படித்தான். 'புதுசா எதையும் மாத்தலையே, ஏன் வயிறு வீங்குது?' என்ற கேள்விக்குப் பல நேரங்களில் பதில் இதுதான்.

முதலில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கிப் பாருங்க. நீர் 24-க்குக் கீழே போகிறதென்றால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட் கணக்கில், தானாக நின்று எரியும் ஹீட்டர் போடலாம். அதுவரை தீனியைக் குறைங்க.

வயிறு வீங்கினா எல்லாமே மலச்சிக்கலா?

இல்லை. இங்கே தவறாகக் கணித்தால் நாட்கள் வீணாகும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மீனைப் பாருங்க.

மலச்சிக்கல்: வயிற்றின் முன்பகுதி உருண்டிருக்கும். செதில்கள் உடலோடு ஒட்டியே இருக்கும். கழிவு வராது, அல்லது வெளியே வந்தும் அறுபடாமல் தொங்கும். சமீபத்தில் அதிகத் தீனி விழுந்திருக்கும்.

டிராப்ஸி: உடல் முழுக்க வீங்கி, செதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் பைன் மரக் காய் போலத் தெரியும். சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் சேர்வதன் அடையாளம் இது. பாக்டீரியா தொற்று காரணமாக இருக்கலாம். விரதத்தால் சரியாகாது.

குடல் ஒட்டுண்ணி: தீனி சரியாகத் தின்றும் உடல் மெலியும், வெள்ளையாக நூல் போன்ற கழிவு நாள்கணக்கில் வரும்.

முட்டை: பெண் மீன் என்றால் வயிறு பருத்திருப்பது முட்டையாலும் இருக்கலாம். வயிற்றின் அடியில் வெள்ளைப் புள்ளி போன்ற முட்டைக்குழாய் தெரியும். மீன் சுறுசுறுப்பாகவே இருக்கும்.

மலச்சிக்கல்தான்னு தெரிஞ்சா என்ன செய்யணும்?

முதல் வேலை, தீனியை நிறுத்துவது. இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள். மனசு கேட்காது, ஆனால் வளர்ந்த மீன் தாங்கும்.

அதே நாளில் நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்க. புதுத் தண்ணீர் தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்திருக்கணும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் சேர்க்கணும். டெஸ்ட் கிட் இருந்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்தானா என்று பாருங்க. நீரின் வெப்பத்தை மெதுவாக 27, 28 டிகிரிக்குக் கொண்டுவாங்க.

மிதக்கவோ மூழ்கவோ திணறும் மீனுக்குத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறைத்தால் மூச்செடுப்பது சுலபமாகும். ஃபில்டரின் நீரோட்டத்தையும் குறைச்சு வைங்க.

கழிவு வெளியேறி வயிறு வற்றியதும் முதல் சாப்பாடாக டாஃப்னியா கொஞ்சம் கொடுங்க. அடுத்த நாளிலிருந்து ஒன்றிரண்டு பெல்லட் என்று மெதுவாக ஆரம்பிக்கலாம்.

மூன்று, நான்கு நாட்களில் மாற்றம் இல்லை, செதில் தூக்குகிறது, அல்லது மீன் அடியிலேயே கிடக்கிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்க. எல்லாக் கிளினிக்கிலும் மீன் பார்க்க மாட்டார்கள் என்பதால் முதலில் போன் செய்து கேளுங்க. மீன் நீந்தும் வீடியோ, நீரின் வெப்பம், டெஸ்ட் கிட் எண்கள், ஒரு சுத்தமான பாட்டிலில் தொட்டித் தண்ணீர் ஆகியவை இருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

பட்டாணி, உப்பு, பாதாம் இலை: இவை வேலை செய்யுமா?

வேகவைத்துத் தோல் உரித்த பட்டாணி தங்கமீனுக்கு ஏற்ற வைத்தியம். அது தாவரமும் தின்னும். ஃபைட்டருக்கு டாஃப்னியாவே பொருத்தம்.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்ஃபேட். வீக்கத்தைக் குறைக்கவும் குடலை இளக்கவும் மீன் வளர்ப்பில் இதைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அளவு முக்கியம். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்க. சமையல் உப்பும் அக்வேரியம் உப்பும் சோடியம் குளோரைடு. அவை இதற்கு மாற்று கிடையாது.

தெருவோரத்து நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலையைத் தொட்டியில் போடுவது வழக்கம். அது நீரைச் சற்றே அமிலமாக்கும், ஃபைட்டருக்குப் பிடித்த பழுப்பு நீராக்கும். மலச்சிக்கலுக்கு அது மருந்தில்லை.

காரணம் தெரியாமல் ஆன்டிபயாடிக் பொடியைத் தொட்டியில் கொட்டுவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. மலச்சிக்கலுக்கு அது எதுவும் செய்யாது. ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று அம்மோனியா ஏற வழி செய்யலாம்.

ஊருக்குப் போறப்போ மீனை என்ன பண்றது?

பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு மூன்று நான்கு நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், ஆரோக்கியமான வளர்ந்த ஃபைட்டருக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை. அத்தனை நாள் தீனி இல்லாமல் அது தாங்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் 'சேர்த்துப் போட்டுடலாம்' என்று மட்டும் நினைக்காதீங்க. தண்ணீரை மாற்றிவிட்டு, வழக்கமான அளவு கொடுத்துவிட்டுப் போனால் போதும். நீரில் கரைந்துகொண்டே இருக்கும் விடுமுறைத் தீனிக் கட்டிகள் சின்னத் தொட்டியில் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

ஒரு வாரத்துக்கு மேல் என்றால் நண்பரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கேளுங்க. ஆனால் தீனி டப்பாவை அப்படியே கையில் கொடுக்க வேண்டாம். கிழமை போட்ட மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு அறையிலும் 3 பெல்லட் வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு அறை காலி செய்தால் போதும் என்று சொல்லுங்க. மீதி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிடுங்க. அந்த மீன் அவரிடமும் கண்ணாடியில் முட்டி முட்டிக் கேட்கத்தான் செய்யும்.